சானி உச்சியில் சாம்பல் சிறகுக் கௌதாரி

டர்பன் பக்கத்துத் தமிழர்களுக்கு டிராகன்ஸ்பெர்க் மலைத்தொடர் என்றால் பனி விழுந்த செய்தி வந்ததும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிற இடம். கௌதாரி பார்க்க அந்த நேரம் ஆகாது. செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை நல்லது. ஏப்ரலும் பரவாயில்லை. டிசம்பர், ஜனவரியில் மதியத்துக்குப் பிறகு இடி மின்னல் நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மரமே இல்லாத மேட்டில் நிற்கும் உயரமான பொருள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

சாம்பல் சிறகுக் கௌதாரி தென்னாப்பிரிக்காவிலும் லெசோத்தோவிலும் மட்டுமே உண்டு. கேப் பக்கம் தாழ்வான நிலத்திலும் கிடைக்கும். நம் கிழக்குப் பகுதியில் பெரும்பாலும் 1,800 மீட்டருக்கு மேலேதான். அரிது என்பதைவிட, கண்ணில் படாதது என்பதே சரி. புல்லோடு புல்லாகப் படுத்துவிடும். காலடியில் வரும்வரை அசையாது, பிறகு மொத்தக் கூட்டமும் படபடவென்று எழுந்து சரிவில் இறங்கி மறையும். அந்த இரண்டு நொடியில் வாலைத் தவிர எதையும் பார்க்க முடியாது.

பலர் கோட்டை விடுவது நேரத்தில். இது விடியலுக்கு முன்னும் சூரியன் எழும் வேளையிலும்தான் நன்றாகக் கூவும். தென்னாப்பிரிக்காவிலிருந்து லெசோத்தோவுக்கு ஏறும் மலைப்பாதையான சானி பாஸின் இரண்டு எல்லைச் சோதனைச்சாவடிகளும் திறந்திருப்பது காலை 6 முதல் மாலை 6 வரை. அக்டோபரில் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். கீழ்ச் சாவடியில் முத்திரை வாங்கி, எட்டு கிலோமீட்டர் வளைவுகளில் ஏறி 2,876 மீட்டர் உச்சியைத் தொட ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குள் கூவல் அடங்கிவிடும். ஆகவே கீழேயுள்ள ஹைம்வில் ஊரில் தங்கி அதிகாலை கிளம்புவது வீண். செலவானாலும் முந்தின நாளே ஏறி, உச்சியில் உள்ள விடுதியில் இரவு தங்குங்கள்.

பாஸ்போர்ட் கட்டாயம். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவில் இந்தியாவிலிருந்து வந்த உறவினரைக் கூட்டிப்போவதாக இருந்தால், திரும்ப உள்ளே விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டு வைக்கவும். கீழ்ச் சாவடிக்கு மேல் ஃபோர் பை ஃபோர், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, இல்லாமல் விடமாட்டார்கள். சாதாரண பக்கி (பிக்கப் வண்டி) ஓட்டுகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். டீசலைக் கீழே அண்டர்பெர்க் ஊரிலேயே நிரப்பிவிடுங்கள். இறங்கும்போது லோ ரேஞ்ச் முதல் கியர். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். மேலே ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுவதுதான் அங்கே மரியாதை.

உச்சியில் புல்லுக்குள் இறங்கி நடக்கத் தொடங்காதீர்கள். முதலில் தரையைப் பாருங்கள். இந்தக் கௌதாரி அலகால் மண்ணைக் கிளறிக் கிழங்குகளை எடுத்துத் தின்னும். குட்டைப் புல்லுக்கிடையே சிறு குழிகள், பக்கத்தில் சிதறிய மண். மண் ஈரமாகக் கறுத்திருந்தால் புதிது; ஓரம் உலர்ந்து வெளுத்திருந்தால் பழையது. அங்கே ஐஸ் எலிகள் ஏராளம். அவற்றின் வளை உள்ளே போய்க்கொண்டே இருக்கும், கௌதாரிக் குழி அடியில் முடிந்துவிடும். புதுக் குழிகள் கண்டால் சரிவின் மேல்புறம் ஒரு பாறையோரம் உட்காருங்கள். கூட்டம் கலைந்து பறந்திருந்தாலும் துரத்த வேண்டாம். அரை மணி பொறுத்தால் ஒன்றையொன்று கூப்பிட்டுச் சேரப் பார்க்கும். பார்க்கத் தோதான நேரம் அதுதான். செல்போனில் கூவலை ஒலிக்கவிடுவது எனக்குப் பிடிக்காது. முட்டையிடும் காலத்தில் அது பறவைக்கு வீண் அலைச்சல்.

மேய்ப்பர்கள் நாய்களோடு வருவார்கள். “டுமேலா, ந்தாதே” என்று அவர்களுடைய செசோத்தோ மொழியில் முதலில் வணக்கம் சொன்னால் நாயை அவர்களே அழைத்துக்கொள்வார்கள்.

அடையாளத்தில் குழப்பம் செஞ்சிறகுக் கௌதாரியோடுதான். அது பெரும்பாலும் கீழே, ஹைம்வில் பக்கத்துப் புல்வெளியில். ஆண்டுதோறும் எரித்து, மாடுகளையும் நெருக்கமாக மேயவிட்ட நிலத்தில் அது குறைந்துபோகிறது. தொண்டையைப் பாருங்கள். சாம்பல் சிறகுக்கு மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகள்; வயிற்றில் நெருக்கமான கறுப்பு வெள்ளைக் குறுக்குவரி. செஞ்சிறகுக்குத் தொண்டை புள்ளியின்றி வெளிறியிருக்கும், அதன் கீழே அகலமான கறுப்பு வெள்ளைப் பட்டை, பறக்கையில் சிறகில் பளிச்சென்ற செங்கல் நிறம். 8x42 பைனாகுலர் போதும். அந்தக் காற்றில் 10 மடங்கு கை நடுக்கத்தைத்தான் பெரிதாக்கும்.

பதிவு செய்ய பேர்ட்லாசர் செயலியே எளிது. 2007-இல் தொடங்கிய தென் ஆப்பிரிக்கப் பகுதியின் இரண்டாவது பறவை அட்லஸுக்கு முழு அட்டை (முழுமையான பதிவு) வேண்டுமானால், ஒரே பென்டாடில், அதாவது அட்லஸ் வரைபடத்தின் ஒரே கட்டத்தில், குறைந்தது இரண்டு மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். சானியில் எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்று வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொண்டையும் வயிறும் தெரியாமல் பறந்துபோன கௌதாரியைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.