வீட்டுப் பிள்ளையின் விலை: ஒரு குளிர்கால நாட்குறிப்பு

டிசம்பர் 8, 2024, ஞாயிறு இரவு

பேஸ்போல் ஆட்டக்காரர் ஹுவான் சோட்டோ நியூயோர்க் மெட்ஸ் அணிக்குப் போய்விட்டார். 15 ஆண்டுகள், 765 மில்லியன் டொலர். அவரைக் கேட்டு நின்ற கடைசி ஐந்து அணிகளில் நம் ரொறன்ரோ புளூ ஜேய்ஸும் ஒன்று. 74 வெற்றி, 88 தோல்வி என்று பிரிவில் கடைசி இடத்தில் முடித்த அணிக்கு இருபத்தாறு வயதில் அப்படியொரு மட்டை வாய்த்திருந்தால் எல்லாமே மாறியிருக்கும். செய்தி வந்தபோது நான் சமையலறையில் நாளைக்கான சாப்பாட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சென்ற ஆண்டும் இதே டிசம்பர் 8. ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஒட்டானி ரொறன்ரோவுக்குப் பறந்து வருகிறார் என்று செய்தி பரவி, கலிபோர்னியாவிலிருந்து கிளம்பிய ஒரு தனியார் விமானத்தின் பின்னால் ஊரே போனது. நானும் வேலையிடத்தில் கைபேசியை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சின்ன விமானக் குறி கிழக்கே நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விமானம் இறங்கியது. அதிலிருந்து இறங்கியவர் ரொபர்ட் ஹெர்ஜாவெக் என்ற கனடாத் தொழிலதிபர். மறுநாள் ஒட்டானி லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணியில் சேர்ந்தார்.

இன்றைய வலி அதைவிடக் குறைவு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் வேறொரு கவலை தொற்றிக்கொண்டது. சோட்டோவுக்கு இந்த விலை என்றால், நம் விளாடிமிர் குரேரோ ஜூனியருக்கு, எங்கள் விளாடிக்கு, என்ன விலை? இந்த அணியில் அவருக்கு மீதி இருப்பது ஒரேயொரு ஆண்டு.

டிசம்பர் 10, செவ்வாய்

டலஸில் நடக்கும், அணிகள் ஆட்டக்காரர்களை விலைபேசும் குளிர்காலக் கூட்டத்திலிருந்து முதல் செய்தி. கிளீவ்லண்டிடமிருந்து அண்ட்ரேஸ் ஹிமெனெஸை வாங்கியிருக்கிறார்கள், கூடவே நிக் சாண்ட்லின் என்ற பிட்சரையும் (பந்து எறிபவர்). இரண்டாம் பேஸில் (ஓடுபவர் தொட வேண்டிய நிலைகளில் ஒன்று) தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தடுப்புக்கான தங்கக் கையுறை விருது வாங்கியவர் ஹிமெனெஸ். பந்து அவரிடம் போனால் கண்ணை மூடிக்கொள்ளலாம். மட்டைதான் பயமுறுத்துகிறது, இந்த ஆண்டு அடிச் சராசரி .252, களத்துக்கு வெளியே அடித்த ஹோம் ரன் ஒன்பது. 2029 வரை அவருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

பதிலுக்குப் போனவர்களில் ஒருவர் ஸ்பென்சர் ஹோர்விட்ஸ். 2019 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில், 24 ஆவது சுற்றில் எடுத்த பிள்ளை. அந்தச் சுற்றில் எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் கீழ்நிலை மைனர் லீக்கின் பஸ் பயணங்களோடு முடிந்துபோவார்கள். இவர் கெட்ட பந்தைத் தொடாமல் விடும் பொறுமை ஒன்றைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக ஏறி வந்தார். கிளீவ்லண்ட் அவரை அன்றைக்கே பிட்ஸ்பர்க்குக்குத் தள்ளிவிட்டது. காலையில் ரொறன்ரோ, மாலையில் பிட்ஸ்பர்க்.

அணிக்கு இது நல்ல மாற்றா? ஓட்டங்களைத் தடுப்பதும் எடுப்பதற்குச் சமம்தான், அதனால் ஆம் என்றே நினைக்கிறேன். போ பிஷெட்டின் ஒப்பந்தமும் அடுத்த ஆண்டோடு முடிகிறது. அவர் நிற்கும் ஷார்ட்ஸ்டொப் இடத்துக்கு (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே) ஓர் ஆள் தேவைப்படும். ஆனாலும் ஹோர்விட்ஸை நினைத்தால் மனம் கனக்கிறது.

டிசம்பர் 21, சனி

பழைய நட்சத்திரம் ரிக்கி ஹெண்டர்சன் காலமானார். நத்தாருக்கு அவருக்கு 66 வயதாகியிருக்கும். அடிக்குக் காத்திராமல் ஓடி 1,406 பேஸ்களைத் திருடியவர். அந்த எண்ணை இனி ஒருவர் எட்டுவார் என்று நான் நம்பவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு, "அவர்தானே அன்றைக்கு முதலில் நடந்து போனவர்?" என்று கேட்டார்.

1993 அக்டோபர் 23, ஜேய்ஸ் உலகத் தொடர்க் கோப்பையை வென்ற இரவு. அப்பா இங்கே வந்து அதிக காலம் ஆகவில்லை. நகரின் நடுவில் ஓர் உணவகத்தில் இரவுக் கோப்பை கழுவும் வேலை. தொட்டிக்கு மேலே இருந்த தட்டில் ஒரு சின்ன வானொலி, அதன் மேல் எப்போதும் ஒரு பசை போல எண்ணெய்ப் படலம். ஆட்டத்தின் விதி ஒன்றும் அவருக்குத் தெரியாது. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் 6-5 என்று பின்தங்கியிருந்தோம். ஹெண்டர்சன் நான்கு கெட்ட பந்துகளை விட்டுவிட்டு முதலாம் பேஸுக்கு நடந்தார். மொலிட்டர் அடித்தார். பிறகு ஜோ கார்ட்டரின் ஹோம் ரன், வென்றுவிட்டோம். சமையல்காரர் சட்டியைக் கரண்டியால் தட்டித் தட்டி ஆடினாராம். அப்பா சவர்க்கார நுரை வடியும் கையோடு வாசலுக்கு ஓடினார். அந்த இரவு யங் தெருவில் பஸ் நகரவில்லை. நெடுந்தூரம் நடந்துதான் வீட்டுக்கு வந்தார். வழியில் முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்தார்கள். இந்த நாட்டில் என்னை ஒருவர் தொட்டது அதுதான் முதல் முறை என்று அப்பா சொல்வார்.

அந்த ஹெண்டர்சனை ஜூலை 31 அன்று ஓக்லண்டிடமிருந்து வாங்க நாம் கொடுத்தது ஸ்டீவ் கார்சே என்ற இளம் பிட்சரையும் ஹோசே ஹெரேராவையும். கார்சே 1990 இல் நம் முதல் சுற்றுத் தேர்வு. ஹெண்டர்சன் இங்கே அடித்ததோ வெறும் .215. தாளை மட்டும் பார்த்தால் நட்டம். ஒரு நடை, ஒரு கோப்பை.

"கொடுத்தார்கள், பிள்ளை. கொடுத்தால்தான் கிடைக்கும்" என்றார் அப்பா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஹோர்விட்ஸைப் பற்றி இனிமேல் புலம்புவதில்லை என்று முடிவு செய்தேன்.

டிசம்பர் 28, சனி

பிட்சர் கோர்பின் பர்ன்ஸ் அரிசோனாவுக்கு. ஆறு ஆண்டு, 210 மில்லியன். அவர் குடும்பத்தோடு வாழ்வது அங்கேதான். சொந்த வீட்டுக்கு அருகில் வேலை கிடைத்த மனிதனிடம் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜனவரி 10, 2025, வெள்ளி

பிட்சர் ஜெஃப் ஹோஃப்மன் மூன்று ஆண்டுக்கு, 33 மில்லியனுக்கு வருகிறார். வருகிறார் என்பதைவிடத் திரும்புகிறார் என்பதே சரி. 2014 டிராஃப்டில் ஒன்பதாவது ஆளாக நாம் எடுத்தவர். மறு ஆண்டே ஷார்ட்ஸ்டொப் ட்ராய் துலோவிட்ஸ்கியை வாங்குவதற்காகக் கொலராடோவுக்குக் கொடுத்துவிட்டோம். அங்கும் பிறகு சின்சினாட்டியிலும் அடிமேல் அடி வாங்கினார். பிலடெல்பியாவில், ஆட்டத்தின் நடுவில் வந்து எறியும் நிவாரண பிட்சராக நிலைபெற்று, 31 வயதில் சிறந்தவர்களுக்கான ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார்.

2014 இல் அவரைப் பற்றி எழுதப்பட்டதெல்லாம் உண்மைதான்: வேகம் இருந்தது, வளையும் பந்து இருந்தது. பத்து ஆண்டு பிந்தி, வேறொருவர் சீருடையில், வேறொரு வேலையில் பலித்தது. ஓர் இளைஞனை எடைபோடுபவர்கள் 20 முதல் 80 வரை புள்ளி போடுவார்கள். 50 என்றால் பெரிய லீக்கின் சராசரி. அடித்தல், பலம், ஓட்டம், கை, தடுப்பு என ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், பிட்சர் என்றால் ஒவ்வொரு வகைப் பந்துக்கும் ஓர் எண். எப்போது என்பதற்கு எண் கிடையாது. அணிகள் பெரும்பாலும் தோற்பது அந்த இடத்தில்தான்.

நேற்று இன்னொன்றும் நடந்தது. விளாடிக்கு 2025 ஆம் ஆண்டுக்கு மட்டும் 28.5 மில்லியன் என்று முடிவாகியிருக்கிறது. ஒரு வருடம். அதற்குப் பிறகு?

ஜனவரி 14, செவ்வாய், தைப்பொங்கல்

வாசலில் பனி. உள்ளே அடுப்பில்தான் பொங்கினோம். அக்காவின் மகன் பானையைப் பார்ப்பதற்குப் பதிலாக அர்ஜுன் நிம்மலாவின் காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வயது, ஷார்ட்ஸ்டொப் ஆடுபவன். இந்தியாவிலிருந்து குடிவந்த பெற்றோரின் பிள்ளை, புளோரிடாவில் கிரிக்கெட்டும் ஆடி வளர்ந்தவர், 2023 இல் 17 வயதில் ஜேய்ஸ் 20 ஆவது ஆளாக எடுத்த ஷார்ட்ஸ்டொப். இதற்கு மேல் அவனுக்கு என்ன வேண்டும்? "சித்தி, இவர் எப்போது இங்கே வருவார்?" என்று கேட்டான்.

அவனுக்கு உண்மையைச் சொன்னேன். சென்ற ஆண்டுத் தொடக்கத்தில் புளோரிடாவின் டனிடினில், ஜேய்ஸின் மைனர் லீக் அணியில், நிம்மலாவால் பந்தைத் தொடவே முடியவில்லை. வெளியே விலகிப் போகும் பந்துக்கு மட்டையை வீசி வீசி வெறுங்கையோடு திரும்பினார். அவரைப் பயிற்சித் திடலுக்குத் திருப்பி அழைத்து, அடிக்கும் முறையைச் சீர்செய்து, மறுபடி அனுப்பினார்கள். பிறகுதான் ஹோம் ரன்கள் வரத் தொடங்கின. 18 வயதில் அந்தப் பலம் அபூர்வம். ஆனாலும் மட்டை பிடிக்கும் முறைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் அடிக்காமலே வெளியேறுகிறார். இன்னும் மூன்று ஆண்டாவது ஆகும்.

"அப்போது எனக்குப் பதினைந்து" என்று கணக்குப் போட்டுவிட்டுத் திரும்பவும் காணொளிக்குப் போனான்.

மற்றப் பிள்ளைகளின் நிலை கவலைதான். பிட்சர் ரிக்கி டீடமனுக்கு முழங்கை அறுவை. 2022 இல் நம் முதல் தேர்வான பிட்சர் பரியேராவுக்கும் அதே. ஒரெல்விஸ் மார்ட்டினெஸ் பெரிய லீக்கில் கால் வைத்த இரண்டு நாளிலேயே தடைசெய்யப்பட்ட மருந்துக்காக 80 ஆட்டத் தண்டனை பெற்றார். சென்ற கோடையில் எடுத்த ட்ரே யெசவேஜ் தொழில்முறை ஆட்டத்தில் இன்னும் ஒரு பந்துகூட எறியவில்லை. கையை நேர் மேலே தூக்கி எறியும் அந்தப் பையன்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

ஜனவரி 17, வெள்ளி

காலையில் மைல்ஸ் ஸ்ட்ரோ என்ற மத்திய களத்து ஆட்டக்காரரை வாங்கினார்கள். சென்ற ஆண்டின் பெரும்பகுதியை மைனர் லீக்கில் கழித்தவர். அவரோடு வந்த இரண்டு மில்லியன் டொலர்தான் முக்கியம். ஜப்பானின் ரோகி சசாகிக்கு 23 வயது. 25 ஆகாத வெளிநாட்டுக்காரருக்குப் பெரிய ஒப்பந்தம் கொடுக்க விதி இடம் தராது. ஒவ்வோர் அணிக்கும் அளந்து கொடுத்த வெளிநாட்டு ஒப்பந்தப் பணத்திலிருந்துதான் தரலாம். அந்தப் பையை நிரப்பவே கிளீவ்லண்டிடமிருந்து ஸ்ட்ரோவின் சம்பளச் சுமையையும் சேர்த்து வாங்கினார்கள். மாலையில் சசாகி டொட்ஜர்ஸைத் தேர்ந்தார். 6.5 மில்லியன்.

பெண் பார்க்க வருகிறார்கள். வீடு நல்லது, ஆட்கள் நல்லவர்கள் என்கிறார்கள். கல்யாணம் வேறு வீட்டில் நடக்கிறது. ஒட்டானி, சோட்டோ, சசாகி, மூன்று முறையும் இதே கதை.

அப்பா ஆறுதலுக்காக ஒரு பழமொழி சொன்னார்: ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும். முதல் முறையாக அவரை மறுத்துப் பேசினேன். இந்தக் குளிர்காலம் முழுவதும் ஊரார் பிள்ளைகளின் வாசலில் நின்றோமே, தன் பிள்ளை யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்? விளாடியை 2015 இல் 16 வயதில் 3.9 மில்லியன் கொடுத்து எடுத்தோம். தந்தை மொன்றியல் எக்ஸ்போஸ் அணியில் ஆடிய காலத்தில் அந்த ஊரிலேயே பிறந்தவர். 2019 ஏப்ரல் 26, அவருடைய முதல் ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். ஒன்பதாவது இன்னிங்ஸில் முதல் அடி, வலது களத்தின் கோட்டோரமாக. இரண்டாம் பேஸில் நின்று சிரித்த அந்த முகத்தை மேல் தட்டிலிருந்துகூடப் பார்க்க முடிந்தது. சென்ற ஆண்டு .323, 30 ஹோம் ரன், அதுவும் தோற்கும் அணியில். அவருக்குக் கேட்டதைக் கொடுங்கள் என்பதுதான் என் வாதம். விலை கூடுதலாகத்தான் இருக்கும். இன்னொருவருக்குக் கொடுக்கத் தயாராக இருந்த பணம்தானே அது?

அப்பா மறுப்பேதும் சொல்லவில்லை. தேநீர் போட்டுத் தந்தார்.

ஜனவரி 20, திங்கள்

கடைசியில் ஒருவர் சம்மதித்தார். அந்தோனி சன்டண்டேர், ஐந்து ஆண்டு, 92.5 மில்லியன். பால்டிமோரில் சென்ற ஆண்டு 44 ஹோம் ரன். இரண்டு கையாலும் அடிப்பவர். 30 வயது தாண்டியவருக்கு ஐந்து ஆண்டு நீளம் என்று படுகிறது, சராசரி .235 தான். ஆனாலும் விளாடிக்குப் பின்னால் நிற்க ஒரு மட்டை வேண்டியிருந்தது. எதிரணி இனி அவரை வேண்டுமென்றே நடக்கவிட யோசிக்கும்.

ஜனவரி 31, வெள்ளி

மக்ஸ் ஷேர்சர், 40 வயது, ஓராண்டு, 15.5 மில்லியன். சிறந்த பிட்சருக்கான சை யங் விருது மூன்று. இளம் பிட்சர்களுக்குப் பக்கத்தில் அப்படியொருவர் உட்கார்ந்திருந்தால் போதும்.

பெப்ரவரி 15, சனி

வாரம் முழுக்கப் பனி கொட்டி, காரைத் தோண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. அக்காவின் மகனை உள்ளரங்கப் பயிற்சிக்குக் கூட்டிப் போனேன். அவனுடைய கையுறைக்கு இரவே எண்ணெய் தடவி, நடுவில் பந்தை வைத்து நாடாவால் கட்டியிருந்தான். பயிற்றுநர் தரையோடு பந்துகளை உருட்டி விட்டார். முதல் ஆறில் நான்கைத் தவறவிட்டான். பந்து வந்த பிறகே கையுறையை இறக்கினான், அதுதான் பிழை. பிறகு அவனாகவே ஓரடி முன்னுக்கு வந்து, கையுறையைச் செயற்கைப் புல்லில் முதலிலேயே பதித்துக் காத்திருந்தான். அடுத்த பத்தில் ஒன்பது அகப்பட்டது. பயிற்றுநர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். எந்தப் பந்தின்போது குறித்தார் என்பதை நான் கவனிக்கவில்லை. வீடு திரும்பும் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெப்ரவரி 18, செவ்வாய்

விளாடி வைத்த கெடு இன்றோடு முடிந்தது. டனிடினில் முழு அணியும் கூடிய முதல் நாள். உடன்பாடு இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். ஆண்டு முடிவில் எந்த அணியோடும் பேசலாம். கோபமாக இல்லை, அமைதியாகவே சொன்னார். அதுதான் என்னை இன்னும் வருத்தியது.

அணி எப்படி இருக்கிறது என்று கேட்டால், டிசம்பரில் இருந்ததைவிட நல்லது. தடுப்பு பலமாகியிருக்கிறது, கடைசி இன்னிங்ஸுகளுக்கு ஹோஃப்மனும் திரும்பி வந்த யிமி கார்சியாவும் இருக்கிறார்கள். பிஷெட் பழையபடி அடித்தால் 85 வெற்றிக்கு மேலே போகலாம் என்பது என் கணக்கு.

இரவு மார்ச் 27 ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கினேன். பால்டிமோருக்கு எதிராக, இங்கே, முதல் ஆட்டம். அப்பா, அக்காவின் மகன், நான். மட்டை பிடிப்பவர் நிற்கும் மூலப் பேஸுக்குப் பின்னால் அதே விலையில் இடம் இருந்தது. நான் முதலாம் பேஸ் பக்கம் எடுத்தேன், விளாடி நிற்கும் இடத்துக்கு நேரே.