சிவக்காத மருதாணி

14 மார்ச் 2024, வியாழன்

காலையில் ஆய்வகத்தில் பிளேட் ஊற்றினேன்; கிருமி வளர்க்கும் தட்டுகளில் அகார் என்னும் பாசிக்கூழை ஊற்றி உறைய வைப்பது. அகார் காயும் வாசனைக்கு நோன்பு வயிறு கீழக்கரைக்கே போய்விட்டது. உம்மா நோன்பு திறக்கக் காய்ச்சும் கடல்பாசியும் இதுவும் ஒன்றுதானே. எங்கள் பக்கத்துத் தீவுகளில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகார் எடுக்கிறார்கள்.

இதை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்ததும் ஒரு சமையலறைதான். 1881-இல் ஜெர்மனியில் வால்தர் ஹெஸ்ஸ என்ற ஆய்வாளர், கிருமி வளர்க்க ஊற்றிய ஜெலட்டின் வெயிலில் உருகி மல்லுக்கட்டியபோது, ஜெல்லிக்குப் போடும் அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னவர் அவர் மனைவி ஃபேனி. மறுவருடம் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமி பற்றிய கட்டுரையில் அகாரைக் குறிப்பிட்டார். அந்த அம்மா பெயரைக் காணோம்.

15 மார்ச், வெள்ளி

அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கம் 2015 முதல் நடத்தும், பிளேட்டில் கிருமிகளை வளர்த்துப் படம் வரையும் அகார் ஓவியப் போட்டியின் படங்களைப் பார்த்து வந்த ஆசை இது. என் படம் மருதாணி: நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் எட்டுப் பொட்டு. வட்டத்துக்குச் சிவப்புத் தரும் செராஷியா என்ற கிருமி, பொட்டுக்கு மைக்ரோகாக்கஸ் என்ற மஞ்சள் கிருமி.

வரைவது ரொம்பச் சங்கடம். கிருமியைத் தொட்டு வைக்கும் வளையக் கம்பியான லூப்பால் தொட்ட இடத்தில் ஈரம் மினுங்கும், அடுத்த நிமிடம் உறிஞ்சிவிடும். எங்கே விட்டேன் என்று தெரியாமல் பிளேட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். பென்சிலின் கண்ட அலெக்சாண்டர் ஃபிளெமிங் இப்படித்தான் கிருமிகளை வைத்து நடனப் பெண்களும் சிப்பாய்களும் வரைந்தாராம். எது எத்தனை மணியில் நிறம் காட்டும் என்று கணக்கு வைத்துத் தொட வேண்டும். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் கிருமி வளர்க்கும் சூட்டுப் பெட்டியில், 37 டிகிரி இன்குபேட்டரில், வைத்துவிட்டு வந்தேன்.

16 மார்ச், சனி

வெள்ளை! வட்டம் நன்றாகவே வளர்ந்திருக்கிறது, தயிர் மாதிரி. பொட்டுகள் ஊசிமுனை அளவு.

சார் பார்த்ததும், “37-லயா வச்சே?” என்றார். செராஷியா உடல் சூட்டில் வளரும், ஆனால் சிவப்புச் சாயத்தைச் செய்யாது. படித்ததுதான், பரீட்சையிலும் எழுதியதுதான். சூட்டு உடம்புக்கு மருதாணி நன்றாகப் பிடிக்கும் என்பார் உம்மா. இது நேர்மாறு. பிளேட்டை ஏசி அறை மேசையில் வைத்தேன்.

18 மார்ச், திங்கள்

சிவந்துவிட்டது. ஓரத்தில் ரோஜா நிறம், நடுவில் ரத்தச் சிவப்பு. மஞ்சளும் ஒருவழியாக வந்தது. ஆனால் வட்டம் நான் போட்ட கோட்டோடு நிற்கவில்லை. பெருத்து இரண்டு பொட்டுகளை விழுங்கிவிட்டது. மீதி ஆறு.

2008-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் ஓரான் காட்ஸும் அயோனாட் ஸரும் எலியின் உயிரணுக்களால் ஒரு குட்டிச் சட்டை வளர்த்தார்கள். அது வளர்ந்து ஒரு கை கழன்று விழப் பார்க்கவே, கண்காட்சியை அமைத்த பவோலா அன்டோனெல்லி அதற்கான ஊட்டத்தை நிறுத்தினார். அங்கே யோசிக்க வேண்டியிருந்தது. எனக்கு நாளைக்கு ஆட்டோகிளேவ் முறை, நீராவிச் சூட்டில் கிருமிகளைக் கொல்லும் கலம் அது.

19 மார்ச், செவ்வாய்

121 டிகிரி, 15 நிமிடம். பையைத் திறந்தால் பிளேட்டுகள் உருகி ஒட்டிக் கிடந்தன. சிவப்பு எங்கே, மஞ்சள் எங்கே, ஒன்றும் தெரியவில்லை.

நேற்று எடுத்த படத்தை உம்மாவுக்கு அனுப்பினேன். அழகா இருக்காம். எந்தக் கடையில் வாங்கிய கோன் என்று கேட்டார். கிருமி என்றேன். உடனே போன் வந்தது: “கையைக் கழுவினியா புள்ள?”