பிள்ளைகளோடு மீன் பிடிக்கப் போனால் சின்ன மீன் இருக்கிற குளமாகப் பாருங்கள்

மீன்பிடிக் குளத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்களில் பாதிப் பேர் தப்பான குளத்துக்குத்தான் போகிறார்கள் என்பது என் கட்சி. பெரிய பாத்தின் மீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எடுத்த படத்தை யாராவது ஃபேஸ்புக்கில் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்ததும் அப்பாவுக்குக் கை துறுதுறுக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பிள்ளைகுட்டிகளை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அங்கே போனால் கனமான தூண்டில், முரட்டு முள். பிள்ளையால் அதைத் தூக்கக்கூட முடியாது. ஒரு மணி நேரம் ஆனாலும் தக்கை அசையாது. அப்புறம் என்ன, பிள்ளை போனைக் கேட்கும், அப்பா அதட்டுவார், அம்மா மைலோ ஐஸ் வாங்க எழுந்து போவார்.

என் வீட்டுக்காரரும் இந்த வகைதான். அவர் கடல் தூண்டில்காரர், பினாங்கில் பத்து மாவுங் பக்கம் பாறையில் விடிய விடிய நிற்பார், கொசுக்கடியோடு வெறுங்கையாகத் திரும்பி வந்தாலும் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும். காசு கொடுத்துக் குளத்தில் பிடிப்பதே அவருக்குக் கேவலம். அப்படியே போனாலும் சியாக்காப், அதாவது கொடுவா மீன், விட்ட குளமாக இருக்க வேண்டும், அதுவும் தட்டு அளவு என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். எடை போட்டுப் பரிசு கொடுக்கிற போட்டிக் குளங்கள் இன்னொரு ரகம். அது சூதாட்டத்துக்குப் பக்கத்து வீடு, அங்கே பிள்ளைகளுக்கு என்ன வேலை?

போன டிசம்பரில் அண்ணன் குடும்பம் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தது. அண்ணன் மிச்சிகனில் இருக்கிறார். அவருடன் வேலை செய்கிறவருக்குச் சொந்த நிலம், அதில் ஒரு குளம், குளத்தில் மஞ்சள் பெர்ச். கோடை வந்தால் சனிக்கிழமைகளில் குடும்பமே அங்கேதான். எங்கள் வீட்டு ஐந்தடி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு அவர் அந்த மீனைப் பற்றிச் சொல்லச் சொல்ல, நான் இத்தனை நாள் கத்திக்கொண்டிருந்ததை இவர் அங்கிருந்து எடுத்து வந்து கொடுக்கிறாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பெர்ச் பெரிய மீன் ஒன்றும் இல்லை. ஒரு சாண் இருந்தால் நல்ல மீன். மஞ்சள் உடம்பு, முதுகிலிருந்து வயிற்றுப் பக்கம் இறங்கும் ஆறேழு கறுப்புப் பட்டைகள், கீழ்த் துடுப்புகள் ஆரஞ்சு நிறம். கூட்டமாகத் திரியும், அதனால் ஒன்று கடித்தால் அதே இடத்தில் அடுத்ததும் கடிக்கும். பகலில்தான் இரை எடுக்கும், இருட்டினால் அடியில் போய்ச் சும்மா கிடக்கும். பிள்ளைகளைத் தூங்க வைக்கும் நேரத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று அண்ணி அதற்கே ஒரு மார்க் கூடப் போட்டார். சின்ன முள்ளில் ஒரு துண்டு மண்புழு, ஒரு தக்கை, அவ்வளவுதான் சாமான். குளிர்காலத்திலும் விடுவதில்லையாம், உறைந்த ஐஸ் பத்து சென்டிமீட்டராவது கெட்டியாகிவிட்டால் அதில் ஓட்டை போட்டு உட்கார்ந்து பிடிக்கிறார்கள். அம்மா இதைக் கேட்டுவிட்டு, "ஐஸ் மேல உட்கார்ந்தா? பைத்தியமாடா உங்களுக்கு?" என்றார்.

அந்தக் குளத்தில் ஒரு சட்டம் உண்டு. பிடித்த பெர்ச்சைத் திரும்ப விடக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட வேண்டும். குளத்துக்காரர் தாராள மனசுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், அதில் கணக்கு இருக்கிறது. பனி உருகி, தண்ணீர் பத்து டிகிரியை ஒட்டி இருக்கும்போது பெர்ச் முட்டையிடும். பெண் மீன் முட்டைகளை உதிரியாகக் கொட்டாது, வழவழப்பான ஒரே நாடாவாக விடும், அண்ணன் போனில் காட்டிய படத்தில் ஊறிய ஜவ்வரிசியைச் சரம் கோத்ததுபோல் இருந்தது. விரித்தால் இரண்டு மீட்டர்கூடப் போகும், அதில் பல்லாயிரம் முட்டைகள். இதையெல்லாம் அப்படியே விட்டால் சின்னக் குளத்தில் சீக்கிரமே மீன் நெருக்கடி வந்துவிடும், இருக்கிற தீனியை எல்லாம் பங்கு போட்டுக்கொண்டு ஒன்றும் வளராது, வயசு ஆகும், உடம்பு விரல் நீளத்திலேயே நின்றுவிடும். அதனால் அந்த மனிதர் குளத்தில் லார்ஜ்மவுத் பாஸ் என்ற வேட்டை மீனையும் விட்டு வைத்திருக்கிறார், அது குஞ்சுகளைத் தின்று எண்ணிக்கையைக் குறைக்கும். அது போதாதென்று இன்னொரு வேலையும் செய்வாராம். பண்டிகை முடிந்து தூக்கி எறிகிற கிறிஸ்துமஸ் மரங்களைக் கரையோரம் தண்ணீரில் சாய்த்து வைப்பார், பெர்ச் வந்து முட்டை நாடாவைக் கிளைகளில் சுற்றிவிட்டுப் போகும், இந்த வருஷம் அதிகம் என்று தோன்றினால் மரத்தோடு தூக்கிக் கரையில் போட்டுவிடுவார். கேட்க என்னவோ போலத்தான் இருக்கிறது. ஆனால் குளம் வைத்து நடத்துவது என்றால் அதுதான்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். இரண்டாவது பாலம் வழியாகப் பத்து காவானில் இறங்கி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் உள்ளே போனால் எனக்குப் பழக்கமான குளம் ஒன்று இருக்கிறது. நன்னீர்க் குளம், திலாப்பியா அதிகம், கொஞ்சம் ரோகு, கொஞ்சம் கெலி என்கிற கெளுத்தி. நடத்துகிற சீன அங்கிள் எஸ்டேட் கடைக்காரர் மகன், தமிழ் நன்றாகவே பேசுவார். அவரும் அதே சட்டம்தான் போட்டிருக்கிறார். "சின்னது எல்லாம் எடுத்துட்டுப் போ தங்கச்சி, திரும்பப் போடாதே, எனக்குத்தான் தொல்லை" என்பார். திலாப்பியா பிறந்த சில மாதங்களிலேயே குஞ்சு பொரிக்கத் தொடங்கிவிடும், தாய் மீன் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும், அதனால் சேதாரம் குறைவு. ஜப்பான்காரன் காலத்தில் ஜாவாவிலிருந்து இங்கே வந்த மீன், அதற்கப்புறம் சாக்கடை, ஈயச் சுரங்கக் குட்டை, வயல் வாய்க்கால் என்று ஒரு இடம் பாக்கி இல்லை. பண்ணைக்காரர்கள் இந்தத் தொல்லைக்காகவே ஆண் குஞ்சுகளை மட்டும் வாங்கி வளர்ப்பார்கள். இந்த அங்கிள் அதற்கெல்லாம் போகாமல் குளத்தில் சில விராலை விட்டு வைத்திருக்கிறார். மிச்சிகனில் பாஸ் பார்க்கிற வேலையை இங்கே விரால் பார்க்கிறது.

எல்லோரும் போனோம், அம்மா உட்பட. வீட்டுக்காரர் தன் பெரிய தூண்டிலோடு தனியாக ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார், அதைப் பற்றிப் பிறகு. பிள்ளைகளுக்கு அண்ணன் மூங்கில் கம்பில் மெல்லிய தங்கூசி நரம்பு கட்டி, ஒரு சின்ன ஈயக்குண்டு, தக்கை, அரிசி அளவு முள் போட்டுக் கொடுத்தார். இரைக்கு வெள்ளை ரொட்டி. ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துவிட்டு நடுவை மட்டும் எடுத்து, விரலை ஒருமுறை தண்ணீரில் தொட்டுக்கொண்டு பட்டாணி அளவுக்கும் குறைவாக உருட்ட வேண்டும், அழுத்தி உருட்டினால் கல்லாகிவிடும், லேசாக விட்டால் தண்ணீரில் விழுந்ததும் கரைந்துவிடும். முள்ளின் நுனி மட்டும் துளி வெளியே தெரிய வேண்டும். திலாப்பியா வாய் சின்னது, லபக்கென்று விழுங்காது, உதட்டால் தட்டித் தட்டிப் பார்க்கும், தக்கை இரண்டு மூன்று தடவை துள்ளும். துள்ளும்போது இழுத்தால் ரொட்டி போச்சு. தக்கை பக்கவாட்டில் நகரும் பாருங்கள், அப்போதுதான் மணிக்கட்டை மட்டும் மேலே சொடுக்க வேண்டும். இதை என் சின்னவள் அண்ணனை விடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள், அவருக்குப் பெர்ச் பழக்கம், அவசரப்பட்டு முதல் துள்ளலிலேயே இழுத்துக்கொண்டிருந்தார்.

மீனைக் கையில் பிடிக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. முதலில் கையை நனைக்க வேண்டும். அப்புறம் தலைப் பக்கத்திலிருந்து உள்ளங்கையை வழித்துக்கொண்டு வந்தால் முதுகு முட்கள் தானாகப் படுத்துவிடும். வாலிலிருந்து போனால் குத்தும், பெர்ச்சும் அப்படியேதானாம், அதற்குச் செவுள் மூடியும் கூர். சியாக்காப்பின் செவுள் மூடி இன்னும் மோசம், பிளேடு மாதிரி அறுக்கும். கெலி மாட்டினால் பிள்ளைகள் தொடவே கூடாது, பக்கத் துடுப்பு முள் குத்தினால் ராத்திரி பூரா கடுக்கும். கையில் வெட்டுக்காயம் இருக்கிறவர்கள் குளத்துத் தண்ணீரில் கை வைக்காமல் இருப்பது நல்லது, எலிக் காய்ச்சலை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இடி கேட்டால் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு வண்டிக்குள் ஏறிவிட வேண்டும், கார்பன் தூண்டில் மின்சாரத்தைக் கடத்தும். இந்த ஊரில் மத்தியான மழையைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா!

அண்ணனுக்கு ஆச்சரியமாக இருந்தது தண்ணீரை அடித்து ஆக்சிஜன் கலக்கக் குளத்து நடுவே சுற்றிக்கொண்டிருந்த துடுப்புச் சக்கரம். அங்கே இது இப்படி ஓயாமல் ஓடுவதில்லையாம். காரணம் வெப்பம்தான். பத்து டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கரைந்திருக்கும், நம் ஊர் 30 டிகிரித் தண்ணீரில் அதிகபட்சம் 7.5 தான். அதுவும் பகலில் பாசி விடுகிற ஆக்சிஜனை ராத்திரியில் பாசியும் மீனும் சேர்ந்து காலி பண்ணிவிடும், விடியற்காலையில்தான் நிலைமை மோசம், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதைப் பார்த்து "ஆகா எவ்வளவு மீன்" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அந்த மீன் எதுவும் கடிக்காது, மூச்சுக்கு அலைகிறது. மிச்சிகனில் சிக்கல் வேறு வழியாக வருகிறது. ஐஸ் மேல் பனி மூடிவிட்டால் வெளிச்சம் உள்ளே போகாது, நீர்ச்செடி செத்து அழுகும், ஆக்சிஜன் தீர்ந்து மீன் ஐஸுக்கு அடியிலேயே செத்துப்போகும்.

இதற்கு நடுவே அம்மா கரையில் உட்கார்ந்துகொண்டு புயூ மீன் கதையை ஆரம்பித்துவிட்டார். அம்மா பிறந்தது நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில். மழை பெய்த மறுநாள் காலையில் செம்மண் ரோட்டில் புயூ நடந்து போகுமாம், பாட்டி ரப்பர் பால் மரத்துக்குப் போகிற வழியில் வாளியில் பொறுக்கிப் போட்டுக்கொண்டு வருவாராம். அமெரிக்காவில் பிறந்த அண்ணன் மகன் நம்பவில்லை. ஆனால் உண்மைதான், புயூவுக்குச் செவுளுக்கு மேலே காற்றை நேராக இழுக்கும் உறுப்பு ஒன்று இருக்கிறது, செவுள் மூடியை ஊன்றி ஊன்றித் தரையில் நகரும். தமிழ்நாட்டில் பனையேறிக் கெண்டை என்பது இதைத்தான். தரங்கம்பாடியில் பனைமரத்தில் இதைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்கிற டேனிஷ் அதிகாரி எழுதியது 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. பறவை தூக்கிக்கொண்டு போய் மரத்தில் போட்டிருக்கும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அம்மாவிடம் கேட்டதற்கு, "பனைமரத்தை நான் எங்கே பார்த்தேன், ரோட்டுல நடந்தது நிஜம்" என்று முடித்துவிட்டார்.

வீட்டுக்காரருக்கு மத்தியானம் வரை ஒன்றும் மாட்டவில்லை. பிள்ளைகள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் அவரிடம் காட்டினார்கள், பாவம், அவரும் பார்க்காதது மாதிரி எவ்வளவு நேரம்தான் இருப்பார்? அண்ணன்தான், "மாப்பிள்ளை, இந்தாங்க" என்று ஒரு மூங்கில் தூண்டிலை நீட்டினார். அதற்கப்புறம் அவர் எழுந்திருக்கவே இல்லை.

குளத்து மீன் சேற்று வாடை அடிக்கும் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வாடை சேற்றினால் வருவதில்லை, தண்ணீரில் இருக்கிற நீலப்பச்சைப் பாசியும் சில பாக்டீரியாவும் விடுகிற ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது. புளிப்புப் பட்டால் அது சிதைந்துவிடும். அதனால்தான் அம்மா செதில் சுரண்டி, வயிற்றுக்குள் இருக்கிற கறுப்புத் தோலை நகத்தால் வழித்தெடுத்து, கல் உப்பும் கெட்டிப் புளிக்கரைசலும் தேய்த்து அரை மணி நேரம் வைத்துக் கழுவுவார், ஜியோஸ்மின் எல்லாம் அவருக்குத் தெரியாது. அன்றைக்குச் சின்னதை எல்லாம் மஞ்சள், மிளகாய்த்தூள், கொஞ்சம் அரிசி மாவு பிசறிப் பொரித்தோம், முள்ளோடு மொறுமொறுவென்று மெல்லலாம். அண்ணி அங்கே பெர்ச்சை முள்ளில்லாமல் சதையை மட்டும் அறுத்தெடுத்து மாவில் புரட்டிப் பொரிப்பாராம். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தலையை என்ன பண்ணுவார்கள் என்று அம்மாவுக்குக் கவலை.

பெர்ச் குஞ்சு கொண்டுவந்து இங்கே விடலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். முடியாது. மாதக்கணக்கில் குளிரில் இருந்தால்தான் அதற்கு முட்டை முதிரும், நம் தண்ணீரில் அது தங்கிப் பெருகாது. நமக்குத் திலாப்பியா போதும்.

எந்தக் குளம் என்று கேட்காதீர்கள், சொன்னால் சனி ஞாயிறு எனக்கு உட்கார இடம் கிடைக்காது. நீங்களே தேடுங்கள். சக்கரம் ஓடுகிறதா, தண்ணீர் இளம்பச்சையாக இருக்கிறதா, கரையில் செத்த மீன் நாற்றம் அடிக்கிறதா என்று பாருங்கள், சின்ன மீனை வீட்டுக்குக் கொண்டு போக விடுவார்களா என்று போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறையையும் கேளுங்கள்.