தியோமானில் ஒரே நாளில் கடலும் காடும்

‘காலையில் கயாக், மதியம் காட்டு நடை’ என்று விளம்பரத்தில் போடுவது சுலபம். அரைநாளும் அரைநாளும் சேர்ந்தால் ஒரு நாள்தானே என்று வருகிறவர்கள் கணக்குப் போடுவார்கள். புதிதாக வேலைக்கு வரும் வழிகாட்டிகளும் அப்படித்தான் நினைப்பார்கள். தனித்தனியாக எடுத்துக்கொண்டால், மலேசியத் தீபகற்பத்துக்குக் கிழக்கே உள்ள தியோமான் தீவில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகும் சரி, காட்டு நடையும் சரி, பெரிய வித்தையில்லை. சேர்க்கும்போது மட்டும் ஒரு சிக்கல் முளைக்கிறது. காட்டுக்குள் நுழைந்துவிட்டால் கடல் கண்ணில் படாது. மூன்று மணி நேரம் கழித்துக் கரைக்கு இறங்கினால், காலையில் கண்ணாடிபோல் கிடந்த நீர் வெள்ளை நுரையோடு புரண்டுகொண்டிருக்கலாம். கயாக் அங்கே நிற்கிறது, விடுதி கடலுக்குள் நீண்ட நிலமுனைக்கு அந்தப்பக்கம் இருக்கிறது, எட்டுப் பேர் களைத்துப்போய் நிற்கிறார்கள். இந்த நிலைமை வராமல் நாளை அமைப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி.

மேற்குக் கரையில் அதிகம் பேர் கேட்கும் பாதை, ஆயர் பாத்தாங் கிராமத்திலிருந்து பானுபா குடாவைக் கடந்து மங்கி பே (குரங்குக் குடா) வரை கயாக், அங்கிருந்து சாலாங் கிராமத்துப் பக்கமாகக் காட்டு நடை. புதியவர்கள் இரட்டைக் கயாக்கில் மணிக்கு 3 முதல் 4 கிலோமீட்டர் போவார்கள், அதற்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது. அமைதியான காலையில் மங்கி பேவுக்கு ஏறத்தாழ முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதே தூரத்தைக் காட்டுவழியில் நடந்தால் ஒரு மணிக்கு மேல் ஆகும். பாதை பெரும்பாலும் மின்கம்பிகளை ஒட்டியே ஏறி இறங்குவதால், வழி தவறியதாகத் தோன்றினால் தலைக்கு மேலே கம்பி தெரிகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

இதை மூன்று விதமாகக் கோக்கலாம். கயாக்கில் போய், நடந்து சுற்றிவிட்டு, அதே கயாக்கில் திரும்புவது ஒன்று. விருந்தினருக்குப் பிடித்தது இதுதான், மேலே சொன்ன சிக்கல் முழுதாக இருப்பதும் இதில்தான். முதலில் நடந்துபோய், மோட்டார் படகில் முன்கூட்டியே அனுப்பிவைத்த கயாக்கில் திரும்புவது இரண்டாவது. முடிவு அழகாக இருக்கும், படம் நன்றாக வரும். ஆனால் வியர்த்து உடல் வற்றிப்போனவர்களை நாளின் மோசமான காற்றில் கடலில் இறக்குகிறோம். காலையில் கயாக்கில் போய், கயாக்கை மோட்டார் படகில் திருப்பி அனுப்பிவிட்டு, நடந்தே வீடு வந்து சேர்வது மூன்றாவது. படகுக் கூலி கூடும் என்பதால் முதலாளிகள் முகம் சுளிப்பார்கள். இருந்தும் புதியவர்கள் உள்ள குழுவுக்கு மூன்றாவதைத்தான் பரிந்துரைக்க முடியும். கடல் வேலை முழுவதும் நம் கண்முன்னே, நாளின் நல்ல நேரத்தில் முடிந்துவிடுகிறது. காட்டில் பிந்தினால் பிந்தியதுதான், அதற்குமேல் ஒன்றும் கெடாது.

முதல் விதம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஒரு விதி இருக்கிறது. துடுப்பு போட்டுத் திரும்ப முடியாமல் போனாலும் எல்லோரும் வீடு சேர வேண்டும். ஒவ்வொருவரிடமும் நடப்பதற்கான காலணி, நெற்றி விளக்கு, முழுப் பாதைக்கான தண்ணீர் இருக்க வேண்டும். கயாக்கை ஓதம் (கடல்நீர்மட்டம்) ஏறும் கோட்டுக்கு மேலே இழுத்து, மரத்தில் கட்டி, இரவு முழுக்க விட்டுவிட்டு வரும் துணிவு வழிகாட்டிக்கு வேண்டும். தியோமானில் சூரியன் மறைவது மாலை 7 மணியை ஒட்டித்தான். மரங்களுக்கு அடியில் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே இருட்டத் தொடங்கிவிடும். ஆகவே திரும்பும் நேரத்தைக் காட்டு வெளிச்சத்தை வைத்துக் கணக்கிட வேண்டும்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று வலுவாக வீசும் காலம். பெருநிலத்து மெர்சிங் துறையிலிருந்து வரும் படகுகளே குறைந்துவிடும், பல விடுதிகள் மூடியிருக்கும், இந்தப் பேச்சே எழாது. மே கடைசி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. அப்போது மேற்குக் கரை காற்றுக்கு முகம் கொடுக்கும், கிழக்குக் கரையில் உள்ள ஜுவாரா கிராமம் மலைக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும். மேற்கே அலையாக இருக்கும் நாளில் திட்டத்தையே புரட்டிப் போடுவது நல்லது. மேற்குக் கரையின் தெக்கெக் கிராமத்துப் பள்ளிவாசல் பக்கம் தொடங்கும் பாதையில் தீவைக் குறுக்கே கடந்து ஜுவாராவுக்கு நடக்கலாம். மொத்தம் 7 கிலோமீட்டர் அளவு, இரண்டரை மணி நேரம், பின்பாதி கான்கிரீட் சாலை. அங்கே கரையை ஒட்டியோ ஆற்று முகத்திலோ மதியத்துக்குப் பிறகு கயாக் விடலாம். திரும்பிவர அந்தச் சாலையில் வண்டி கிடைக்கும். ஆனால் ஒதுக்குப்புறக் காற்றுக்கும் ஒரு குணம் உண்டு. அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் நீர் தட்டையாக இருப்பதைப் பார்த்து மயங்கி 200 மீட்டர் வெளியே போனால், திரும்பி வருவது முழுக்க எதிர்க்காற்றில். ஜுவாராவுக்குக் கிழக்கே திறந்த தென்சீனக் கடல். அதனால் அங்கே கரையிலிருந்து 50 மீட்டருக்கு மேல் விலகவிடக்கூடாது.

அளவுகோல் எளியது. முனைக்கு அப்பால் அலைகளின் வெள்ளை நுரைத் தலைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தால் காற்று மணிக்கு 10 கடல்மைல் வேகத்தைத் தொடுகிறது என்று பொருள். புதியவர்கள் குடாவுக்குள்ளேயே இருக்கட்டும். பரவலாகத் தெரிந்தால் யாரும் இறங்க வேண்டாம். குடாவுக்குள் நின்றுகொண்டு இதை முடிவுசெய்ய முடியாது, மலை காற்றை மறைத்துவிடும். வழிகாட்டி ஒருவர் முதலில் தனியாக முனைவரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டும். மேற்கே பெருநிலத்தின் மேல் கருமேகம் அடர்ந்து முழக்கம் கேட்டால் தூரத்தைப் பார்க்காமல் கரையேறிவிட வேண்டும். மின்னலுக்கு நீர்மட்டத்தில் உயரமான பொருள் துடுப்பு பிடித்த மனிதன்தான்.

வாடகைக் கயாக்குகள் பெரும்பாலும் மேலே உட்காரும் வகை, வார்ப்புப் பிளாஸ்டிக், இரட்டைக் கயாக் 30 கிலோவைத் தாண்டும். இவை மூழ்கவே மூழ்காது என்று கடற்கரையில் சொல்வார்கள். அடிப்பகுதி உள்ளீடற்ற பெட்டி. அதற்குள் நீர் புகுந்தால் மூழ்காது, ஆனால் கவிழும். உள்ளே 20 லிட்டர் சேர்ந்தாலே போதும், ஒருபக்கம் சாயும்போது அந்த நீரும் அதே பக்கம் ஓடிச் சாய்வைக் கூட்டும். உட்கார்ந்திருப்பவர் தனக்குத்தான் சமநிலை இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். நீர் புகும் இடங்கள் மூன்று. பின்முனையில் உள்ள வடிகால் மூடியைப் போட மறப்பது முதலாவது. உட்காரும் தட்டிலிருந்து அடிவரை துளைத்துச் செல்லும் ஓட்டைகளின் விளிம்பில் விடும் விரிசல் இரண்டாவது. மணலிலும் பாறையிலும் தரதரவென்று இழுத்து இழுத்துப் பின்புற அடி தேய்ந்துபோவது மூன்றாவது. கயாக்கை முன்னும் பின்னும் ஆள் பிடித்துத் தூக்குங்கள் என்று தினமும் கத்துவது இதற்காகத்தான்.

வெயிலில் நிறுத்தும்போது வடிகால் மூடியைக் கழற்றி வைக்க வேண்டும். மூடிவைத்தால் உள்காற்று சூடேறி விரிந்து பிளாஸ்டிக்கை உப்ப வைக்கும். அப்படியே தண்ணீரில் தள்ளினால் காற்று குளிர்ந்து சுருங்கி, மயிரிழை விரிசல் இருந்தாலும் நீரை உறிஞ்சும். காட்டு நடைக்காகக் கயாக்கை மூன்று மணி நேரம் கரையில் விடும் நாளில் இது கட்டாயம். கழற்றிய மூடியைக் கயாக்கின் கைப்பிடிக் கயிற்றிலேயே கட்டிவிடுங்கள். சட்டைப்பையில் போட்டால் அது காட்டுக்குள் எங்கேயாவது விழும்.

புறப்படும் முன் நெஞ்சளவு நீரில் ஒவ்வொரு இணையையும் ஒருமுறை கவிழ்த்து ஏறவைக்க வேண்டும். முழங்கால் நீரில் செய்தால் தரையில் காலூன்றி ஏறிவிடுவார்கள், ஒன்றும் கற்றதாகாது. தரையில் கடல் முள்ளெலியும் இருக்கும். கவிழ்ந்த கயாக்கின் அடிமேல் எட்டி அந்தப்பக்க விளிம்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தால் அது நிமிரும். பிறகு கால்களை நீர்மட்டத்துக்கு உதைத்து எழுப்பி, வயிற்றை இருக்கையின் குறுக்கே போட்டு, புரண்டு உட்கார்ந்து, கடைசியில் காலை உள்ளே எடுக்க வேண்டும். ஒருவர் ஏறும்போது மற்றவர் எதிர்ப்பக்கம் தொங்கிப் பாரம் கொடுக்க வேண்டும். இரண்டு முயற்சியிலும் ஏற முடியாதவரை வழிகாட்டியோடு ஒரே கயாக்கில் உட்காரவைப்பதுதான் மரியாதையான வழி. லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பொருந்தவில்லை. எட்டுப் பேருக்கு வழிகாட்டிகள் இருவர், முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசியில் இருப்பவரிடம் 15 மீட்டர் இழுவைக் கயிறு.

இனி இடைவேளை. கடலிலிருந்து காட்டுக்கு மாறும் அந்த அரைமணி நேரத்தில் செய்யாமல் விட்டது ஒவ்வொன்றும் மலையேற்றத்தில் வந்து நிற்கும். உப்பு நீரில் ஊறிய கால்சட்டையோடு ஏறினால் இருபதாவது நிமிடத்தில் தொடை இடுக்கு உரசிப் புண்ணாகும். ஓடையில் இடுப்புக்குக் கீழ் நன்றாக அலசி, உலர்ந்த கால்சட்டைக்கு மாறி, வாசலின் களிம்பு தடவிக்கொள்ளச் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டுச் சும்மா இருப்பவர்கள்தான் பின்னால் கால் அகட்டி நடப்பார்கள். முக்கால் மணி நேரம் கால் நீட்டி உட்கார்ந்ததில் தொடையின் பின்தசை இறுகியிருக்கும், ஆகவே முதல் பத்து நிமிடம் மெதுவாக ஏறுங்கள். கயாக்கில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வெயில் களிம்பு பூசாதவர்களின் தோளில் பைப்பட்டை பட்டால் எரியும். அதனால் முழுக்கைச் சட்டையே மேல். மலேசியக் கடிகாரப்படி சூரியன் உச்சிக்கு வருவது 1 மணிக்கு. அந்த நேரத்தில் மரநிழலில் இருப்பதுபோல நாளை அமைத்தால் பாதி வெயில் தொல்லை தீரும்.

காலணிக்கு மலேசியாவில் அருமையான விடை ஒன்று இருக்கிறது. கிண்டலாக ‘அடிடாஸ் கம்போங்’ என்று எல்லோரும் அழைக்கும் கறுப்பு ரப்பர் காலணி. ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவுகிறவர்கள் காலில் போட்டது, நம் தோட்டப்புறத்துக் குடும்பங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. முழுதும் ஒரே வார்ப்பு, அடியில் குமிழ்கள், தண்ணீர் குடிக்காது, சேற்றில் வழுக்காது, விலை ஒரு சாப்பாட்டுக் காசு. கயாக்கில் போட்டுக்கொண்டே உட்காரலாம், இறங்கியதும் நடக்கலாம். கணுக்காலைத் தாங்காது, உள்ளே காற்று வராது என்பவை குறைகள். கொஞ்சம் பெரிய அளவாக வாங்கி, நீள காலுறையோடு போட வேண்டும். இடைவேளையில் காலுறையை மாற்றாவிட்டால் கொப்புளம் நிச்சயம். விலை உயர்ந்த தோல் பூட்ஸை நீர் புகாத பையில் சுமந்து வருகிறவர்களைவிட இதைப் போட்டவர்கள் நிம்மதியாக வந்து சேர்வதைத்தான் பார்க்கிறோம்.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். ஒரு லிட்டரை மங்கி பேவில் முடித்துவிட வேண்டும். கடலில் காற்று வியர்வையை உலர்த்திவிடுவதால் தாகம் தெரியாமலேயே உடல் வற்றியிருக்கும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் தலைவலியும் குமட்டலும் வரும், எனவே ஒரு லிட்டரில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கரைத்து வையுங்கள். உணவை மணலில் பரப்பாதீர்கள். அந்தக் கடற்கரைக்குக் குரங்கின் பெயர் சும்மா வரவில்லை. நீள்வால் குரங்குகளுக்கு ஜிப் திறக்கத் தெரியும். கயாக்கில் விட்டுப்போகும் பையில் ஒரு பிஸ்கட் துணுக்குகூட இருக்கக்கூடாது.

பவளத்தில் கீறிய காலோடு ஓடையில் இறங்குவது பலரும் பொருட்படுத்தாத ஆபத்து. மலேசிய ஓடைகளிலும் அருவிகளிலும் எலிக் காய்ச்சல் தொற்றும் வாய்ப்பு உண்டு, அதற்கு வாசல் இந்தச் சின்னக் கீறல்தான். கொதித்தாறிய நீரிலோ குடிநீரிலோ கழுவி, நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டிய பிறகே அலசப் போக வேண்டும். சொறிமீன் சுட்டால் வினிகர் ஊற்ற வேண்டும், நல்ல தண்ணீர் ஊற்றினால் மிச்சமிருக்கும் கொட்டும் செல்களும் வெடிக்கும். காட்டில் சறுக்கும்போது கைக்கு அகப்பட்டதைப் பிடிப்பது மனித இயல்பு. அகப்படுவது பிரம்பாக இருந்தால் உள்ளங்கை முழுக்க முள். அந்தக் கையால் அதன் பிறகு துடுப்பு பிடிக்க முடியாது. ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு பிரம்புக் கொடியைக் காட்டிவிட்டே நகர வேண்டும்.

பயணத்தை ரத்து செய்வது பற்றிய பேச்சைக் காலையில் கடற்கரையில் தொடங்கினால் தாமதம். முந்தின நாள் மாலை பணம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்: காற்று அடித்தால் நடை மட்டும், மழை கொட்டினால் குடாவுக்குள் கயாக் மட்டும், எந்தப் பாதியை விட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், முடிவு யார் கையில். படகு டாக்சிக்காரரிடமும் அன்றே பேசி வைக்க வேண்டும். மங்கி பேவில் கைபேசி எடுக்கும் என்று நம்பிப் போகாமல், பிற்பகல் 3 மணிக்குள் நம் குரல் வராவிட்டால் படகோடு வந்து பார்க்கச் சொல்லுங்கள். ஓதம் வற்றும் நேரத்தையும் அவரிடமே கேளுங்கள். ஆயர் பாத்தாங்கில் நீர் இறங்கினால் கரைக்கு முன்னே பவளமும் கல்லும் மேலே வந்துவிடும், கயாக்கை ஏற்றிய படகு படகுத்துறையில்தான் அணைய முடியும். அங்கிருந்து 30 கிலோவைத் தோளில் சுமக்க இரண்டு பேரை முன்பே சொல்லி வைத்தாக வேண்டும்.