அல்சூரிலிருந்து ஜெனிவாவுக்கு ஒரு மனு

வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோருக்கான ஐ.நா. பணிக்குழுவுக்கு எழுத வக்கீல் தேவையில்லை, கட்டணமும் கிடையாது. உள்நாட்டு நீதிமன்றம் எல்லாம் ஏறி இறங்கி முடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பெங்களூர் அல்சூரில் எங்கள் கீழ்வீட்டு அக்காவுக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் முல்லைத்தீவுக்காரர். 2009 மே 18 அன்று வட்டுவாகலில் ராணுவத்திடம் சரணடைந்த கணவர் பஸ்ஸில் ஏற்றப்பட்டதைக் கண்ணால் பார்த்தவர். மகளைக் கட்டிக் கொடுத்த ஊர் என்பதால் இப்போது பெங்களூர்.

படிவம் கேட்பது கொஞ்சம்தான்: முழுப்பெயர், தேதி, இடம், கொண்டுபோனது யார், குடும்பம் எங்கெல்லாம் தேடியது. ஆங்கிலத்தில் நிரப்பத்தான் நான் போனேன்.

கடைசிக் கேள்விக்கு அக்கா ஒரு ஜிப் பையைத் திறந்தார். செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், மனித உரிமை ஆணைக்குழு முறைப்பாட்டு எண், பொலிஸ் பதிவு, காணாமல் போனோரை விசாரித்த பரணகம ஆணைக்குழு, பிறகு ஓ.எம்.பி. என்ற காணாமல் போனோர் அலுவலகம். எல்லோரிடமும் அதே கதையைச் சொல்லியிருக்கிறார். எழுதியவர்கள்தான் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். கணவர் பெயருக்கு மூன்று ஆங்கில எழுத்துக்கூட்டல்கள். ஒரு துண்டில் தேதி 17. எதையும் ஒழுங்குபடுத்தி மறைக்கவில்லை. மூன்றையும் போட்டு, அடையாள அட்டை எண்ணையும் சேர்த்து, தேதி ஏன் மாறியிருக்கிறது என்று ஒரு வரி எழுதினோம். இப்படி மனு எழுத உட்காருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: முரண்பாட்டை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

நேரம் என்ன என்றேன். "விடிஞ்சிட்டுது, வெய்யில் ஏறேல்லை" என்றார். அப்படியே எழுதினோம். ஆறரை, ஏழு என்று நாமாக ஒன்றைப் போட்டால் நாளைக்கு அதையே பிடித்துக்கொண்டு குடைவார்கள்.

அதிக நேரம் இழுத்தது சம்மதம் பற்றிய பகுதி. பணிக்குழு மனுவை இலங்கை அரசுக்கு அனுப்பி விளக்கம் கேட்கும். அக்காவின் தம்பி இன்னும் புதுக்குடியிருப்பில்தான். சிஐடி வீட்டுக்கு வந்தால்? மனு கொடுத்தவர் யார் என்பதை ரகசியமாக வைக்கக் கேட்கலாம் என்றேன். தம்பியிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டார். நான் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் ரகசியம் கேட்டே கையெழுத்துப் போட்டார்.

இந்தக் குழு யாரையும் குற்றவாளி என்று தீர்மானிக்காது. ஆள் என்ன ஆனார் என்று கேட்பதோடு அதன் வேலை முடிந்தது. வழக்குக்கான சாட்சியம் சேர்ப்பது வேறு பிரிவு, ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 2021ஆம் ஆண்டு 46/1 தீர்மானத்தால் வந்தது. அதற்குத் தனிச் சம்மதம் வேண்டும். அதை அக்கா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

"உதால அவங்களுக்கு என்ன நட்டம், தம்பி?" என்று இலங்கை அரசைப் பற்றிக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். ஐரோப்பிய ஒன்றியம் மனித உரிமை ஒப்பந்தங்களைக் காரணம் காட்டி 2010இல் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தியது. ஆடை ஏற்றுமதிக்கு அது வலித்தது. 2015இல் அதே பேரவையின் 30/1 தீர்மானத்துக்கு இலங்கையே இணை அனுசரணை வழங்கி, வெளிநாட்டு நீதிபதிகளின் பங்களிப்போடு நீதிப் பொறிமுறை என்றது. 2017இல் சலுகை திரும்பி வந்தது, நீதிமன்றம் வரவில்லை. 2020இல் அனுசரணையிலிருந்தும் விலகிக்கொண்டார்கள், சலுகை போகவில்லை. என்னைக் கேட்டால், பிடி கையில் இருந்த ஒரே நேரத்தில் ஐரோப்பிய ஒன்றியம் அதை விட்டுவிட்டது. 2025இல் பிரிட்டன் முன்னாள் ராணுவத் தளபதி சவேந்திர சில்வா உள்ளிட்ட நான்கு பேருக்குத் தடை விதித்ததெல்லாம் ஆளுக்குத்தான், அரசுக்கு இல்லை.

"சலுகையைத் திருப்பிக் குடுக்கேக்க எங்களிட்ட ஆராவது கேட்டவையோ?" என்றார் அக்கா. என்னிடம் பதில் இல்லை.

மின்னஞ்சலில் அனுப்பியாகிவிட்டது. அரசு பதில் தந்தால் பணிக்குழு குடும்பத்துக்குத் தெரிவிக்கும்; எப்போது என்று கணக்கில்லை. அதனால் மகளின் மின்னஞ்சலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். வீடு மாறினால் பணிக்குழுவுக்கு உடனே எழுத வேண்டும். வாடகை ஒப்பந்தம் முடியும் மாதத்தை மகளின் போனில் குறித்து வைத்தாயிற்று.