ஆளுக்கு ஒரு சீட்டு

4 பிப்ரவரி 2024, ஞாயிறு

இன்று எங்கள் தெருச் சீட்டு. பதினோராவது மாதம். மொத்தம் இருபது சீட்டு, மாதம் 5,000, விழுகிறவர் கையில் ஒரு லட்சம். அம்மாப்பேட்டையில் பத்து வருடமாக நடத்துகிறேன். பணம் கட்ட இரண்டு நாள் தாமதமானால் பொறுத்துக்கொள்வேன், குலுக்கலில் மட்டும் யாருக்கும் வளைந்து கொடுப்பதில்லை. காலண்டர் தாளை ஒரே அளவாகக் கத்தரித்து, ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படித்து, எல்லாருக்கும் காட்டிவிட்டுத்தான் மடிப்பேன். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி, மூன்று பேர் கையில் குலுக்கக் கொடுப்பேன். எடுப்பது எதிர் வீட்டு அக்காவின் பேத்தி. அவளுக்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது.

தையல்கார அக்காவுக்கு மட்டும் இரண்டு சீட்டு. மாதம் 10,000 கட்டுகிறார். பெயர் இரண்டு முறை பாட்டிலுக்குள் போனால், பணமும் இரண்டு மடங்கு வர வேண்டும்.

இரவு டாலஸிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அம்மா, நம்ம சீட்டு மாதிரியே ஆக்கிட்டாங்கம்மா!" அமெரிக்காவில் வேலை பார்க்கக் கொடுக்கும் எச்-1பி விசாவுக்கான குலுக்கலில் ஒருவருக்காக எத்தனை கம்பெனி பதிந்தாலும், பாஸ்போர்ட் நம்பரைப் பார்த்து இனி ஆளுக்கு ஒரு சீட்டுதானாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

10 பிப்ரவரி, சனி

ஏன் கலங்கினேன் என்பதை எழுதி வைத்துவிடுகிறேன்.

அந்த விசா வருடத்துக்கு 65,000, அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்குத் தனியாக இன்னும் 20,000. கேட்கிறவர்கள் பல மடங்கு. அதனால் குலுக்கல். முன்பெல்லாம் முழு விண்ணப்பத்தையும் கட்டாகத் தயாரித்து அனுப்பினால்தான் குலுக்கலில் சேர முடியும். 2020-இல் இருந்து கம்பெனி பத்து டாலர் கட்டி ஆன்லைனில் பெயரைப் பதிந்தால் போதும், விழுந்தவர்கள் மட்டும் விண்ணப்பம் போடலாம் என்று ஆனது. நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். ஆனால் ஒரு லட்ச ரூபாய் சீட்டுக்கு மாதத் தவணை பத்து ரூபாய் என்று நான் அறிவித்தால் என்ன ஆகும்? ஒரே ஆள் பத்துச் சீட்டு கேட்பார்.

போன வருடம் பிப்ரவரியில் சேலத்திலேயே ஒரு கன்சல்டன்சிக்காரர் எங்களுக்குப் போன் செய்தார். "மேடம், நம்மகிட்ட நாலு கம்பெனி இருக்கு, எல்லாம் நம்ம ஆளுங்கதான். பாப்பா பேரை நாலுலயும் போட்டுடலாம். விழுந்தா மட்டும் பணம் குடுங்க." அவள் வேலை பார்க்கும் கம்பெனியோடு சேர்த்தால் ஐந்து சீட்டு. இரண்டு கம்பெனி உண்மையிலேயே வேலை கொடுக்க முன்வந்து இரண்டும் பதிந்தால் அதில் தப்பில்லை. இவர் சொன்னது அப்படி அல்ல. அந்த நாலு இடத்தில் ஒரு நாற்காலிகூட அவளுக்காகக் காத்திருக்கவில்லை. வேலை உண்டு, வாய்ப்பைக் கூட்டுவதற்காக யாரோடும் கூட்டுச் சேரவில்லை என்று கம்பெனி உறுதி கொடுக்க வேண்டும். பொய்யான உறுதி.

அன்று இரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை. "ஊரே பண்ணுது, நாம மட்டும் ஏன் விடணும்?" என்றார் வீட்டுக்காரர். அவரைக் குறை சொல்ல மாட்டேன், படிப்புக் கடன் வட்டியை மாதாமாதம் கட்டுகிறவர் அவர். நான் வேண்டாம் என்றேன். மகளும் வேண்டாம் என்றாள். அவளுடைய அறைத்தோழி ஐந்து சீட்டு போட்டாள். தோழிக்கு விழுந்தது, இவளுக்கு இல்லை.

அந்த ஏப்ரலில் அமெரிக்கக் குடியேற்றத் துறையே கணக்கை வெளியிட்டது. தகுதியான பதிவுகள் 7,58,994. அதில் 4,08,891, ஒன்றுக்கு மேல் பதிந்தவர்களுடையது. பாட்டிலில் பாதிக்கு மேல்! கூட்டுச் சேர்ந்து பதிந்தவர்கள் மேல் விசாரணை நடக்கிறது என்றும் சொன்னார்கள். மகள் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஒரு சீட்டுக்கு வாய்ப்பு கிட்டத்தட்ட கால் பங்கு, ஐந்து சீட்டுக்கு முக்கால் பங்கு. "வேண்டாம்னு சொன்னது சரிதாம்மா" என்று அவளே சொன்னாள். இருந்தாலும் பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

6 மார்ச், புதன்

பதிவு இன்று தொடங்கியது. இது அவளுக்கு மூன்றாவது முறை. படிப்புக்குப் பிறகு வேலை பார்க்கக் கொடுத்த மூன்று வருடம் ஜூலையில் முடிகிறது. கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்தேன்.

17 மார்ச், ஞாயிறு

எதிர் வீட்டு அக்காவின் மருமகன் ஒரு தாளோடு வந்தார். கலர் பிரிண்ட், மேலே கழுகு முத்திரை, கீழே ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்ப். ஸ்டாம்ப் பாதிதான் விழுந்திருந்தது. "கிரீன் கார்டு லாட்டரிக்கு 15,000 கட்டியிருக்கேன் அக்கா. உங்க பாப்பாவைக் கேட்டுச் சொல்லுங்க."

மகளைக் கேட்கவே வேண்டியதில்லை. அந்தக் குலுக்கல் வேறு, அங்கேயே நிரந்தரமாகக் குடியேறுவதற்கு. ஐந்து வருடத்தில் எந்த நாட்டிலிருந்து 50,000 பேருக்கு மேல் அமெரிக்காவில் குடியேறினார்களோ, அந்த நாட்டுக்கு அதில் இடம் கிடையாது. இந்தியா எப்போதோ அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டது. பார்ப்பது பிறந்த நாட்டை. தம்பி பிறந்தது சேலம், அவர் மனைவி பிறந்தது ஓமலூர். விண்ணப்பம் வாங்குவதும் அக்டோபர், நவம்பரில்தான், அதற்குக் கட்டணமே இல்லை. மார்ச்சில் யாருக்கு எதற்குப் பணம்?

சொல்லச் சொல்ல அவர் தாளை மடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அது பஸ் டிக்கெட் அளவுக்கு வந்துவிட்டது. தறி ஓட்டிச் சேர்த்த காசு. நாளைக்கு நானும் கூடப் போகிறேன்.

அந்தக் குலுக்கலிலேயே 2011-இல் நடந்ததையும் அவரிடம் சொன்னேன். ஏறக்குறைய 22,000 பேருக்கு விழுந்தது என்று அறிவித்துவிட்டு, அப்புறம் இல்லை என்றார்கள். கம்ப்யூட்டர் பிழை. எடுத்ததில் நூற்றுக்குத் தொண்ணூறு, முதல் இரண்டு நாளில் வந்த விண்ணப்பங்களாம். குலுக்காத பாட்டிலில் கை விட்ட மாதிரி. ரத்து செய்தது நியாயம்தான். ஆனால் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள் சந்தோஷப்பட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவர்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

25 மார்ச், திங்கள்

22-ஆம் தேதி முடிய வேண்டிய பதிவு, கணினிக் கோளாறால் இன்று வரை நீண்டது. தம்பிக்கு 8,000 திரும்பி வந்தது. மீதிக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். போவோம்.

30 மார்ச், சனி

விழவில்லை.

காலை ஆறரைக்குப் பேசினாள், அங்கே இரவு எட்டு. அழுது முடித்த குரல். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன், அவளே சொன்னாள்: "இந்த வருஷம் தோத்தது தோத்த மாதிரி இருக்கும்மா. போன வருஷம் யாரோ கையைத் தட்டிவிட்ட மாதிரி இருந்துச்சு."

வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் கடைக்குப் போய் தட்டுவடை செட் வாங்கி வந்தார். அவளுக்குப் பிடிக்கும் என்பதற்காகவா, என்ன நினைத்து வாங்கினாரோ. இருவரும் சாப்பிடாமல் வைத்துவிட்டோம், வடை நமத்துப்போனது.

19 ஏப்ரல், வெள்ளி

ஓட்டுப் போட்டுவிட்டு வந்தோம். வெயில் தாங்கவில்லை. விரலைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். "பாஸ்போர்ட் நம்பர்" என்று பதில் வந்தது. எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

2 மே, வியாழன்

புதுக் கணக்கு வந்துவிட்டது. தகுதியான பதிவுகள் 4,70,342. ஒரே வருடத்தில் 2,88,652 சீட்டு காணாமல் போயிருக்கிறது. ஆட்கள்? போன வருடம் சுமார் 4,46,000, இந்த வருடம் சுமார் 4,42,000. ஆட்கள் அப்படியே இருக்கிறார்கள், பொய்ச் சீட்டும் உபரிச் சீட்டும்தான் போயிருக்கின்றன. ஒன்றுக்கு மேல் பதிந்தவர்களின் சீட்டு 4,08,891-இலிருந்து 47,314.

இதை இரண்டு முறை கூட்டிக் கழித்துப் பார்த்தேன். போன வருடம் நாங்கள் இல்லாததைக் கற்பனை செய்துகொண்டு புலம்பவில்லை. வீட்டுக்காரரிடம் நோட்டை நீட்டினேன். கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார். "அந்த நாலு கம்பெனிக்காரன் இப்ப என்ன பண்ணுவான்?" என்று மட்டும் கேட்டார்.

அறைத்தோழிக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறதாம். அதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. அவளும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைதான், போன் செய்து ஆசை காட்டியவர்களுக்கு எந்த நோட்டீஸும் வரவில்லை.

5 மே, ஞாயிறு

பதினாலாவது மாதம். மகளும் வீடியோவில் இருந்தாள். இரண்டாவது குலுக்கல் வைத்தால் பார்க்கலாம், இல்லையென்றால் ஜூலையில் கிளம்புகிறேன் என்று எல்லாரிடமும் அவளே சொன்னாள். பெயர்களைப் படித்துக் காட்டினேன், ஏழு சீட்டு. பேத்தி எடுத்தாள். தையல்கார அக்கா.

போன மாதமும் அவருக்குத்தான் விழுந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்த அக்கா இந்த மாதமும் இரண்டு ஐயாயிரத்தைத் தனித்தனியாக ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டு வந்திருந்தார். மீதி ஆறு சீட்டையும் பிரித்து எல்லாருக்கும் காட்டிவிட்டு, பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.