ஏபிஎஸ் விளக்கு எரிந்தால், சென்சாரை மாற்றுவதற்கு முன்

ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு அணையவில்லை என்று எங்கள் பட்டறைக்குக் காரைக் கொண்டுவருபவர்களில் பலர், வேறோர் இடத்தில் சக்கர வேக சென்சாரை ஏற்கெனவே மாற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் பலமுறை சி0035 என்ற குறியீடு வரும். அது முன் இடது சக்கரத்தைக் குறிக்கும் என்பதால் உடனே அந்தப் பக்கத்துச் சென்சார் கழற்றப்படுகிறது. ஆனால் அந்தக் குறியீட்டின் விளக்கத்தை முழுதாகப் படித்தால் ‘சென்சார் சுற்று’ என்றே இருக்கும். சென்சார், அதிலிருந்து கிளம்பும் இரண்டு ஒயர்கள், இடையில் வரும் கனெக்டர்கள், ஏபிஎஸ் கட்டுப்பாட்டுப் பெட்டியில் அவை சேரும் பின்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அந்தச் சுற்று. எங்கே பழுது என்று பெட்டிக்குத் தெரியாது. வரவேண்டிய சைகை வரவில்லை என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

சோதனையைத் தொடங்கும் முன் சென்சார் எந்த வகை என்று அறிந்துகொள்வது அவசியம். 1978இல் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் வந்த காலம் தொட்டு நெடுநாள் புழக்கத்தில் இருந்தது, காந்தத்தின் மேல் செம்புச் சுருள் சுற்றிய வகை. சக்கரத்தோடு சேர்ந்து பல் வளையம் சுழலும்போது அதுவே மாறுதிசை வோல்டேஜை உண்டாக்கும் என்பதால், அதன் சுருளை ஓம் மீட்டரால் அளக்கலாம். பெரும்பாலும் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ஓம் அளவில் காட்டும். இன்றைய கார்களில் இருப்பதோ பெட்டியிலிருந்து மின்சாரம் பெற்று இயங்கும் மின்னணு வகை. சக்கரம் சுழலும்போது அது இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 7 மில்லியாம்பியருக்கும் 14 மில்லியாம்பியருக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தை எண்ணித்தான் பெட்டி வேகத்தை அறிகிறது. இந்த வகையை ஓம் மீட்டரால் அளந்து நல்லது, கெட்டது என்று தீர்ப்பது பொருளற்றது. சுற்றில் தொடராக மில்லியாம்பியர் மீட்டரை இணைத்துச் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பி, எண் இரண்டு நிலைகளுக்கு இடையே தாவுகிறதா என்று பார்ப்பதே சரியான வழி.

அண்மையில் வந்த ஒரு சிறிய காரில், மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போதும் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் முழுதாக ஒடிக்கும்போதும் மட்டும் விளக்கு எரிந்தது. சென்சார் புதியது. நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஸ்கேனரில் ஒரே வரைபடமாக வைத்துக்கொண்டு ஓட்டியபோது, மூன்று கோடுகள் ஒன்றாகவே சென்றன. முன் இடதின் கோடு மட்டும் சட்டென்று சுழியத்தில் விழுந்து, மறுகணமே பழைய இடத்துக்கு ஏறியது. பல் வளையத்தில் விரிசல் இருந்தால் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ஒழுங்காகச் சறுக்கல் தெரியும். சுருள் வகையில் சென்சாருக்கும் வளையத்துக்கும் இடைவெளி கூடியிருந்தால் வண்டி நிற்கப்போகும் குறைந்த வேகத்தில்தான் சைகை மறையும். இப்படி எந்த வேகத்திலும் நினைத்தபோது விழுந்து எழுவது ஒயரில் தொடர்பு விட்டுப்போவதன் அடையாளம்.

ஹப்பின் (சக்கரம் பொருந்தும் நடுப்பகுதி) அருகிலிருந்த கனெக்டரைக் கழற்றிச் சாவியைப் போட்டு அளந்தபோது, ஏறக்குறைய பேட்டரி வோல்டேஜே வந்தது. இந்த அளவீட்டை நம்பித்தான் பலரும் ஒயரிங் சரி என்று முடிவுகட்டுகிறார்கள். மீட்டர் தன் வழியே இழுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம்; ஆகவே மின்தடை நூற்றுக்கணக்கான ஓம் ஏறிவிட்ட ஒயரிலும் அது முழு வோல்டேஜைக் காட்டும். சென்சார் இருக்கும் இடத்தில் ஒரு கிலோஓம் ரெசிஸ்டரை இணைத்துவிட்டு அதன் இரு முனைகளில் அளந்தால் உண்மை வெளிப்படும். ஒயரில் 500 ஓம் மறைந்திருந்தால் 12 வோல்ட் 8 வோல்ட்டை ஒட்டி இறங்கிவிடும். இதற்கு பல்பைப் பயன்படுத்தக் கூடாது, பெட்டி அவ்வளவு மின்னோட்டம் தருவதற்காக அமைந்ததன்று. சில வண்டிகளில் பழுதைக் கண்டதும் பெட்டி அந்தச் சுற்றுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும் என்பதால், சாவியை அணைத்து மீண்டும் போட்ட பிறகே அளக்க வேண்டும்.

ரெசிஸ்டரை அப்படியே விட்டு, ஒயரைச் சிறிது சிறிதாக அசைத்துக்கொண்டே மேலே போனோம். ஷாக் அப்சார்பரின் மேல் உள்ள கிளிப்பை ஒட்டிக் கை வைத்ததும் வோல்டேஜ் குதித்தது. இன்சுலேஷனில் வெடிப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் விரலால் மடக்கிப் பார்த்தால் மற்ற இடங்களில் செம்பின் விறைப்பு இருந்தது. அந்த ஓர் அங்குலம் மட்டும் துவண்டு மடிந்தது. அறுத்துத் திறந்தபோது இழைகள் பொடிந்து, பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பக்கத்திலேயே ஊசி குத்திய ஒரு சிறு துளை. யாரோ ஒரு காலத்தில் ஒயரைக் குத்தி அளந்திருக்கிறார்கள். அந்தத் துளை வழியே மழைநீர் உள்ளே போயிருக்கிறது. ஒயரைக் குத்தி அளக்கும் இந்தப் பழக்கத்தை நம் தொழிலில் அறவே விட வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறேன். கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய முனையை நுழைத்து அளக்க வழி இருக்கிறது.

பல வண்டிகளில் இந்த நீள ஒயர் சென்சாருடனேயே சேர்ந்து வரும். அங்கே சென்சாரை மாற்றினால் பழுதும் தற்செயலாகப் போய்விடும். இந்த வண்டியில் அது தனி ஒயர். ஒயர் நன்றாக இருந்தும் சைகை வராத வண்டிகளில் நான் அடுத்துப் பார்ப்பது பேரிங்கை. மின்னணு வகையில் பல வண்டிகளில் பல் வளையத்துக்குப் பதிலாகக் காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்கச் சீலிலேயே இருக்கும். பேரிங்கைப் பக்கம் மாற்றிப் பொருத்திவிட்டால் சென்சாருக்கு எதிரே காந்தமே இருக்காது.

பழுதான துண்டை வெட்டிச் சாலிடர் வைத்து ஒட்டுவது இந்த இடத்தில் நிலைக்காது. சாலிடர் ஊறிய இழைகள் கம்பிபோல் விறைத்துவிடும். சக்கரம் திரும்பத் திரும்ப அந்த ஒட்டின் ஓரத்திலேயே ஒயர் மீண்டும் ஒடியும். ஆகவே அசையும் பகுதி முழுவதற்கும் புதிய ஒயர் இழுத்து, ஒட்டை அசைவில்லாத உள்பக்கத்தில் வைத்து, கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் வைத்து நசுக்கி இணைத்து), பசையுள்ள சுருங்குகுழாயால் மூடினோம். இரண்டு ஒயர்களும் முன்பிருந்தபடியே ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போக வேண்டும். மற்ற மின்சுற்றுகளின் இரைச்சல் சைகையில் கலக்காமல் காப்பது அந்த முறுக்குத்தான். கிளிப்பை மாட்டிய பின், சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் ஒடித்து, ஒயர் எங்கும் இழுபடவில்லை என்று பார்த்துக்கொண்டோம். குறியீட்டை அழித்த பிறகும் விளக்கு உடனே அணையவில்லை. வண்டி சிறிது தூரம் ஓடி, நான்கு சக்கரங்களின் சைகையும் சரியாக வருவதைப் பெட்டி கண்ட பிறகே அணைந்தது.